மூன்று கிலோவாட் சோலார், ஓர் ஆக்சிஜன் மிஷின், பதினாலு மாசம்

மொட்டைமாடியில் சோலார் போட்டால் கரண்ட் போனாலும் வீட்டில் ஃபேன் ஓடும் என்று நினைத்து இதைப் படிக்க வந்திருந்தால், ஓடாது. மானியத்தில் எல்லாரும் போடுகிறார்களே, தெரு லைனோடு சேர்த்துக் கட்டும் அந்த ஆன்கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போன அடுத்த நொடியே தானும் படுத்துவிடும். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும் அப்படித்தான். இதை எனக்கு யாராவது 2024 செப்டம்பரில் சொல்லியிருந்தால் இந்த ரிவ்யூவே எழுத வேண்டியிருந்திருக்காது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். கடைத்தெருவில் சின்னதாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன், ஊருக்கெல்லாம் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து அந்த விண்ணப்பத்தையும் நானேதான் பல பேருக்குப் போட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான் என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன் என்பதுதான் வேடிக்கை.

எங்களுக்கு சோலார் தேவைப்பட்டது பில்லுக்காக மட்டும் இல்லை, அம்மாவுக்காக. அம்மாவுக்கு எழுபத்தொன்று. பீடி, சிகரெட் வாசமே ஆகாது, ஆனால் நுரையீரல் போய்விட்டது. சிஓபிடி, அதாவது மூச்சை அடைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்றார் டாக்டர். "எத்தனை வருஷம்மா விறகு அடுப்பு ஊதுனீங்க?" என்று கேட்டார். அம்மா விரல் விட்டு எண்ணி, முடியாமல் சிரித்துவிட்டது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் நெல் அவிக்க, வெந்நீர் வைக்க, விசேஷத்துக்குச் சமைக்க என்று கொல்லைப்புறத்து அடுப்பு அணைந்ததே இல்லை. சவுக்கு மிலாறும் தேங்காய் மட்டையும் போட்டு ஊதிய புகை இப்போது கணக்குத் தீர்க்கிறது. தினமும் குறைந்தது பதினைந்து மணி நேரம் ஆக்சிஜன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர்வரை ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் மிஷின் ஒன்று வாங்கினோம்.

அந்த மிஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. காற்றை உள்ளே இழுத்து, சியோலைட் என்ற மணல் மாதிரி ஒரு பொருளில் அழுத்தி நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனை மூக்குக்குழாயில் அனுப்புகிறது. சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகாது, ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் வெறும் டப்பா. சத்தம் தூரத்தில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும், பத்து நாளில் பழகிவிடும். பின்பக்கத்து ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். இதெல்லாம் செய்தால் பிரச்சினை இல்லை, பிரச்சினை மீட்டரில்தான். எங்கள் மிஷின் சுமார் 350 வாட். பதினாறு மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஐந்தரை யூனிட், இரண்டு மாசத்துக்கு 330 யூனிட். அதுவரை 320 யூனிட் ஓடிய வீடு 650-க்குப் போனது. யூனிட் இரண்டு மடங்கானால் பில்லும் இரண்டு மடங்காகும் என்றுதானே நினைப்போம்? 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள ஸ்லாபுக்கும் சேர்த்து விலை மாறுகிறது இல்லையா, எண்ணூறு ரூபாய் கட்டிக்கொண்டிருந்த எனக்கு 3,400 வந்தது. மூச்சு விடுவதற்குக் கட்டணம்.

அதனால் சோலார். சுத்துவட்டாரத்தில் நிறைய போட்டிருக்கும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். வந்த தம்பி நல்ல பையன், பொய் சொல்லும் முகமே இல்லை. நான் கேட்ட முதல் கேள்வியே, "கரண்ட் போனா அம்மா மிஷின் ஓடணும் தம்பி, ஓடுமா?" அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "இன்வெர்ட்டரோடதான சார் தர்றோம், அப்புறம் என்ன?"

இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கவிழ்ந்தது. நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் என்ன? மாடிப்படிக்குக் கீழே பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும், கரண்ட் போனால் 'டிக்' என்று ஃபேனை ஓட்டும், அதுதான். சோலாரில் இன்வெர்ட்டர் என்பது வேறு ஜாதி. பேனலிலிருந்து வரும் டிசி கரண்டை வீட்டுக்கு வேண்டிய ஏசியாக மாற்றுகிற பெட்டி, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, எதையும் சேமிக்காது. பெயர் ஒன்று, வேலை வேறு. அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, நான் என் மனசில் இருந்த இன்வெர்ட்டரை நினைத்துத் தலையாட்டினேன்.

விலை 1,95,000 ரூபாய். 540 வாட் பேனல் ஆறு, இந்தியாவிலேயே செல் முதல் செய்த டிசிஆர் பேனல், அது இருந்தால்தான் மானியம். நான் வாங்கியபோது பேனலுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22-லிருந்து அது ஐந்து சதவீதம் ஆகிவிட்டது, என் நேரம். பொருத்தும் வேலை இரண்டே நாள். ஸ்டாண்டை ஆறடி உயரத்தில் வைக்கச் சொன்னேன், அடியில் நடக்கலாம், துணி காயப்போடலாம். அம்மாவுக்கு மட்டும் கோபம். "வத்தல் காயவைக்க இருந்த ஒரே எடத்தையும் நெழலாக்கிட்டே" என்றது. நியாயம்தான், இந்தக் கோடையில் வடகம் எல்லாம் எதிர்வீட்டு மாடியில்தான் காய்ந்தது.

பேனல் ஏறிய பிறகு ஏழு வாரம் சும்மா கிடந்தது. நெட் மீட்டருக்கு (நாம் எடுப்பது, வெளியே கொடுப்பது இரண்டையும் எண்ணும் இருவழி மீட்டர்) ஏற்ற வேண்டிய ஒரு சான்றிதழைக் கம்பெனிக்காரர்கள் ஏற்ற மறந்துவிட்டார்கள், நானாகப் போய்ப் பார்க்கும்வரை யாருக்கும் நினைப்பில்லை. நடுவில், "சும்மா ஆன் பண்ணிக்கங்க சார், யார் பாக்கப் போறா" என்று யோசனை வேறு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருவழி மீட்டர் வருவதற்கு முன்னால் ஏற்றிவிட்டால், நீங்கள் வெளியே தள்ளுகிற யூனிட்டையும் நீங்கள் எடுத்ததாகவே எண்ணிவிடும் மீட்டர்கள் இருக்கின்றன. சட்டச் சிக்கல் தனி. நல்லவேளையாக என் கடைக்கு வரும் லைன்மேன் அண்ணன் சொல்லித் தடுத்தார். அவர் இன்னும் கொஞ்சம் கீழே திரும்ப வருவார்.

அக்டோபர் கடைசியில் ஓடத் தொடங்கியது. ஒரு மாசத்துக்குள் 78,000 வங்கிக் கணக்கில் ஏறியது, ஒரு போன்கூடப் பண்ண வேண்டியிருக்கவில்லை. இந்தப் பகுதிக்கு முழு மார்க்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இருக்காது என்று முதல் நாளே தெரியும். எனக்குக் கவலையே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட. ஒன்பது அடித்தது, கரண்ட் போனது, கான்சன்ட்ரேட்டர் 'பீ...' என்று ஒரே அலறல். ஓடிப்போய் சோலார் பெட்டியைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு. வெளியே மழைக்காலத்து நடுவில் வந்த சுத்தமான வெயில், ஒரு மேகம் இல்லை. அம்மா விரலில் மாட்டியிருந்த, ரத்தத்து ஆக்சிஜன் அளவைக் காட்டும் மீட்டரில் 91 இருந்தது 88 ஆகி, 86 ஆகி, 84-க்கு வந்தது. முன்பே வாங்கி வைத்திருந்த பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினேன், கை நடுங்கியதில் சாவி திருகவே வரவில்லை. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தது. "மேல அவ்ளோ வெயிலு காயுது, கீழ கரண்ட் இல்லேங்கிறே" என்றது. என்னிடம் பதில் இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால், "ஆன்கிரிட்னா அப்படித்தான் சார், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுமே" என்கிறார்கள்.

ஏன் அப்படி என்று லைன்மேன் அண்ணன்தான் புரிய வைத்தார். கஜா ஞாபகம் இருக்கா என்று கேட்டார். 2018 நவம்பர், எங்கள் பக்கத்தில் மறக்க முடியுமா, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்தாறு நாள் ஆனது. வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். "அன்னைக்கு லைன் முழுக்க ஆஃப்னு நம்பித்தான் அவன் கம்பியத் தொட்டான். இந்த மாடிலேருந்து ரிட்டர்ன் கரண்ட் வந்தா என்ன ஆவும்?" லைன் செத்துவிட்டால் சோலாரும் செத்துவிட வேண்டும் என்று பெட்டிக்குள்ளேயே விதி எழுதி வைத்திருப்பது அதற்காகத்தான். கேட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. விதியில் தப்பில்லை, விற்கும்போது சொல்லாததுதான் தப்பு. இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிற பொருளில் இதைக் கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில் போட வேண்டாமா?

இன்னொரு சின்னத் தொல்லையும் உண்டு. எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி. மத்தியானம் தெருவில் யாரும் எதுவும் ஓட்டாத நேரத்தில் வோல்டேஜ் ஏறி, பெட்டி தானாக நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஓடும். திரையில் 262 என்று காட்டியதைப் பார்த்திருக்கிறேன். கடைசி வீட்டுக்காரர்கள் போடுவதற்கு முன் ஒரு வாரம் மத்தியான வோல்டேஜைப் பார்த்துவிடுங்கள்.

மார்க் போடச் சொன்னால், பில்லுக்குப் பத்துக்கு எட்டு. 3,400 கட்டிய இடத்தில் இப்போது ஆயிரத்துக்குள் முடிகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்பது சராசரியாகச் சரியாகவே வருகிறது. மழை நாளில் மூன்று கிலோவாட்டும் சேர்ந்து இரண்டு யூனிட் கொடுத்த கூத்தும் நடந்திருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், கத்திரி வெயிலைவிட பிப்ரவரி, மார்ச்சில்தான் நன்றாக உற்பத்தியானது, பேனல் சூடேறினால் கொடுப்பது குறையுமாம். அறுவடை மிஷின் வயலில் இறங்கும் வாரத்தில் வைக்கோல் தூசி படிந்து ஒரு நாளைக்கு ஒரு யூனிட் காணாமல் போனது, விடிகாலையில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தால் திரும்பி வந்துவிடுகிறது. போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிகிறது. நாலு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும் என்றார்கள். மானியம் போக என் கைக்காசு 1,17,000, வருஷத்துக்கு மிச்சம் சுமார் 15,000. நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள், எட்டு வருஷம். பேனல் இருபத்தைந்து வருஷ வாரண்டி என்பதால் நஷ்டம் இல்லை.

கரண்ட் கட்டுக்கு மார்க், பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை நிரப்பத் தனியாக 46,000 செலவானது. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டு, சைன் வேவ் யுபிஎஸ் ஒன்று. சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தருவது) என்பதை அழுத்திச் சொல்கிறேன், விலை குறைவான ஸ்கொயர் வேவ் பெட்டியில் ஃபேன் உறுமிக்கொண்டாவது ஓடும், கான்சன்ட்ரேட்டர் கம்ப்ரஸரை அதில் மாட்டக் கூடாது. மிஷினும் ஒரு ஃபேனும் ஆறு மணி நேரம் தாங்குகிறது, மீதிக்கு சிலிண்டர். பி டைப்பில் 1,500 லிட்டர், நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும். ஆரம்பத்திலேயே ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போட்டிருந்தால் பகல் வெயிலே பேட்டரியை நிரப்பி, லைன் போனதும் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டியிருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் அதைத்தான் நான் முதல் நாளே கேட்டேன்! இப்போது என் வீட்டில் மாடியில் ஒரு மின் நிலையம், படிக்குக் கீழே ஒரு பேட்டரி, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யுபிஎஸ்ஸைக் காட்டி சோலார் பெட்டியை ஏமாற்றி ஓட வைக்கிறேன் என்று ஓர் எலக்ட்ரீசியன் வந்தார், டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதே சமயத்தில் சுகாதாரத் துறை பக்கம் பார்த்த இரண்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினார்களே, அது) எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா வருவார். பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, போனில் பதிந்துவிட்டுப் போவார். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் வந்தவர் நடந்ததைக் கேட்டுவிட்டு எங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார், அங்கேயிருந்து இ-சஞ்சீவனியில் வீடியோவில் ஒரு டாக்டர். நான் பயத்தில் மிஷினை நாலு லிட்டருக்கு ஏற்றி வைத்திருந்தேன். அவர் முதலில் கேட்டதே அதுதான். "ரெண்டுலேயே வைங்க. இவங்களுக்கு 88லேருந்து 92 இருந்தா போதும், 98 வேணும்னு ஏத்தாதீங்க, உள்ள கார்பன் டை ஆக்சைடு சேந்துடும்" என்றார். ஏழெட்டு நிமிஷம், செலவு இல்லை. திருவாரூருக்குப் பஸ் ஏறி, அம்மாவைக் கூட்டத்தில் உட்கார வைத்து, டோக்கன் வாங்கிக் கேட்டிருக்க வேண்டிய ஒரு வாக்கியம்.

அங்கே காத்திருந்தபோதுதான் தடுப்பூசிப் பெட்டியைப் பார்த்தேன். ஐஎல்ஆர் என்கிறார்கள், மேலே திறக்கும் ஃபிரிட்ஜ். சுவரில் ஒரு சின்னக் கருவி, வெப்பநிலை 4.6 என்று காட்டியது. அது எட்டைத் தாண்டினாலோ இரண்டுக்குக் கீழே போனாலோ சிஸ்டர் போனுக்கே தகவல் வரும், இவின் என்று 2015 வாக்கில் தொடங்கிய ஏற்பாடாம். "கரண்ட் போனா என்ன சிஸ்டர் பண்ணுவீங்க, ஜெனரேட்டரா?" என்றேன், என் காயம் எனக்கு. அவர் மூடியைத் தட்டிக் காட்டினார். "சுத்திலும் ஐஸ் சார். மூடியத் தொறக்காம இருந்தா அதுவே பல மணி நேரம் தாங்கும்." கரண்ட் இருக்கும்போது சுவருக்குள் இருக்கும் தண்ணீரை உறைய வைத்துக்கொள்கிறது, போனால் அந்த ஐஸைச் செலவழிக்கிறது. கரண்ட்டே இல்லாத ஊர்களுக்கு இதிலேயே பேட்டரி இல்லாமல் நேராக சோலாரில் ஓடும் வகையும் இருக்கிறது, பகலில் ஐஸ், ராத்திரிக்கு அந்த ஐஸ். உறைந்தால் கெட்டுப்போகும் பென்டாவேலண்ட் மாதிரி ஊசிகளை அடியில் வைக்காமல் மேல் கூடையில் வைப்பார்களாம், அடிப்பகுதிதான் அதிகக் குளிர். கரண்ட் போகும் என்பதை ஒத்துக்கொண்டு செய்த பொருள் அது. என் மாடியில் இருப்பது கரண்ட் போகாது என்ற நினைப்பில் செய்தது.

ஆகவே, வீட்டில் கான்சன்ட்ரேட்டரோ, மூச்சுக்கு உதவும் பைபேப் மிஷினோ, கரண்ட்டை நம்பிய வேறு எதுவோ இருந்தால், ஆன்கிரிட் சோலாரை அதற்காக வாங்காதீர்கள். பில்லுக்காக வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். மிஷினுக்குத் தனியாக பேட்டரி, அது வந்த பிறகு மற்றது. விற்க வருகிறவரிடம் "இன்வெர்ட்டர் உண்டா" என்று கேட்கவே கேட்காதீர்கள், "பேட்டரி எத்தனை" என்று கேளுங்கள், அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

போன மாசம் எங்கள் தெருவில் நாலாவது வீட்டுப் பெரியப்பா சோலார் போட்டார். பெரியம்மாவுக்குச் சர்க்கரை, ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, "இனிமே கரண்ட் போனா ஐஸ் பெட்டி தேட வேணாம்ல" என்று என்னிடம் சொன்னார். அதே கம்பெனி, அதே தம்பி. கடைசித் தவணை கொடுக்கும் நாளில் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பத்திரிகைத்தாளில் சுற்றிய பணம் பெரியப்பா மடியில் இருந்தது, தம்பி ரசீதில் பேனாவை வைத்துவிட்டார். மணி பன்னிரண்டரை, நல்ல வெயில். "ஒரு நிமிஷம் தம்பி, மெயின இறக்கிக் காட்டுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சார், இது ஆன்கிரிட்டு..." என்று இழுத்தார். நானே போய் இறக்கினேன். கூடத்து ஃபேன் மெதுவாகச் சுற்றி, நின்றது. ஃபிரிட்ஜும் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. பெரியப்பா கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உக்காருங்க தம்பி, பேசுவோம்" என்று பணத்தை மறுபடியும் தாளில் சுற்றினார்.